ஆஃபர் வந்துவிட்டதா? கேக் வெட்டும் முன் படியுங்கள்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அணியைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

டல்லாஸுக்கு வடக்கே எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பையன் இருக்கிறான். லைன்பேக்கர், அதாவது தடுப்பாட்டத்தில் நடுவில் நிற்கும் ஆள். பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் மாதம் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் கோடை கேம்ப்புக்குப் போனான். கேம்ப் முடிந்ததும் ஒரு கோச் அவன் தோளில் கைபோட்டு, "எங்கள் ஆஃபர் உனக்கு உண்டு" என்றார். அன்றிரவே எக்ஸில் பதிவு, மறுநாள் வீட்டில் கேக். நாங்களும் போய்ச் சாப்பிட்டோம். பதினான்கு மாதம் கழித்து, "நான் வருகிறேன்" என்று சொல்ல அவன் போன் செய்தபோது அந்தக் கோச் எடுக்கவில்லை. அந்த இடத்துக்கு வேறு இரண்டு பையன்களை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்கள்.

யாரும் விதியை மீறவில்லை. ஆஃபர் என்றால் அணியில் ஸ்காலர்ஷிப்போடு இடம் தருகிறோம் என்ற பேச்சு; அந்த உலகத்தில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் எடை, அது எங்களுக்குத் தெரியவில்லை. அதன்பிறகு அவன் அப்பா, எந்தக் கல்லூரி என்ன சொல்கிறது என்று கணக்கு வைக்க ஒரு எக்செல் ஷீட் தொடங்கினார். மென்பொருள்காரன் என்பதால் அதைப் பராமரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த ஷீட்டை வைத்துக்கொண்டு கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். இங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். ரொனால்டோவைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும்.

படி 1: பையன் எந்த மட்டம் என்று பார்ப்பது

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் ஆடுபவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கீழ் ஏதாவது ஓர் அணியில் ஆடப் போகிறவர்கள் அவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். சனிக்கிழமை டிவியில் பார்க்கும் மட்டத்துக்குப் போகிறவர்கள் இன்னும் குறைவு.

அந்த மேல்தட்டுக்கு எஃப்.பி.எஸ். என்று பெயர். 2025 சீசனில் 136 அணிகள். அலபாமா, ஓஹையோ ஸ்டேட், டெக்சாஸ், ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரும் மைதானம் வைத்திருக்கும் மிச்சிகன் எல்லாம் இதில்தான். அதற்கு அடுத்தது எஃப்.சி.எஸ். இரண்டும் சேர்ந்ததுதான் ஃபுட்பாலில் டிவிஷன் ஒன்று. அதற்குக் கீழே டிவிஷன் இரண்டு, மூன்று; தனி அமைப்பாக என்.ஏ.ஐ.ஏ.; இரண்டாண்டுப் படிப்புள்ள ஜூனியர் கல்லூரிகள்.

பண வித்தியாசம் தெரிந்துகொள்ள வேண்டியது. பழைய கணக்கில் எஃப்.பி.எஸ். அணிக்கு 85 முழு ஸ்காலர்ஷிப். எஃப்.சி.எஸ். அணிக்கு 63, டிவிஷன் இரண்டுக்கு 36. இவை இரண்டையும் உடைத்துப் பலருக்குப் பகிர்ந்து தரலாம். அதனால் அந்த மட்டங்களில் "ஸ்காலர்ஷிப் தருகிறோம்" என்றால் உடனே "எத்தனை சதவீதம்?" என்று கேட்க வேண்டும். டிவிஷன் மூன்றில் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடத் தர மாட்டார்கள். மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி மட்டும். ஹார்வர்ட், யேல் இருக்கும் ஐவி லீகும் அப்படியே. ஆனால் நடுத்தர வருமானம் உள்ள வீட்டுக்கு ஐவி தரும் உதவி, வேறு இடத்து அரை ஸ்காலர்ஷிப்பைவிடப் பெரிதாக இருக்கலாம்.

2025 ஜூனில், வீரர்களுக்குப் பணத்தில் பங்கு கேட்டு என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த பிறகு கணக்கு மாறியது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய், அணியில் மொத்தம் 105 பேர் என்ற வரம்பு வந்தது. கேட்க நல்ல செய்திதான். ஆனால் முன்பு 120 பேருக்கு மேல் வைத்திருந்த அணிகள் உண்டு. ஸ்காலர்ஷிப் இல்லாமல் சொந்தச் செலவில் சேர்ந்து இடம் பிடிக்கும் 'வாக்-ஆன்' பையன்களுக்குத்தான் கதவு சிறுத்துப்போனது.

பையன் எந்த மட்டம் என்பதைப் பெற்றோரால் சொல்ல முடியாது. பள்ளிக் கோச்சைக் கேளுங்கள்; முடிந்தால் எதிரணிக் கோச் ஒருவரையும் கேளுங்கள். எதிரணிக் கோச்சுக்கு உங்களைச் சந்தோஷப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை.

படி 2: ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கும் மதிப்பெண்

சலிப்பான பகுதி. ஆனாலும் இங்கே வழுக்கி விழுந்தால் பின்னால் எந்தக் கோச்சாலும் தூக்கிவிட முடியாது. டிவிஷன் ஒன்றில் முதலாண்டே ஆட 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும்: நான்கு ஆண்டு ஆங்கிலம், மூன்று ஆண்டு கணிதம், இரண்டு ஆண்டு அறிவியல், இரண்டு ஆண்டு சமூக அறிவியல், மீதி கூடுதல் பாடங்கள். இவற்றில் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலில் இருக்க வேண்டும். இந்தப் பாடங்களின் சராசரி, நான்குக்கு 2.3 வேண்டும். டிவிஷன் இரண்டுக்கு 2.2. எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண் கட்டாயம் என்ற விதியை 2023இல் எடுத்துவிட்டார்கள். கல்லூரியோ தனி ஸ்காலர்ஷிப்போ கேட்டால் அது வேறு விஷயம்.

பள்ளி நடத்தும் எல்லாப் பாடமும் என்.சி.ஏ.ஏ. பட்டியலில் இருக்காது. பள்ளியின் பெயரைப் போட்டால் எந்தப் பாடம் கணக்கில் வரும் என்று அவர்களுடைய தகுதி மையத்தின் தளத்திலேயே பார்க்கலாம். பத்தாம் வகுப்புக்குள் அதில் கணக்குத் தொடங்கிவிடுங்கள்.

படி 3: ஃபில்ம், அளவு, கேம்ப்

கல்லூரிக் கோச் பையனை முதலில் பார்ப்பது வீடியோவில்தான். நெப்ராஸ்காவின் லிங்கனில் 2006இல் தொடங்கிய ஹட்ல் என்ற தளம்தான் இதற்கு ஊரறிந்த இடம். ஹைலைட் வீடியோ மூன்று, நான்கு நிமிடம் போதும். சிறந்த ஆட்டங்களை முதலிலேயே வையுங்கள். கோச் முதல் ஐந்தாறு காட்சி பார்த்து முடிவெடுத்துவிடுவார். உச்சக்கட்டத்தைக் கடைசிக்கு வைக்க இது மசாலா படம் இல்லை. ஒவ்வொரு காட்சியிலும் ஆட்டம் தொடங்கும் முன் பையனைச் சுற்றி வட்டமோ அம்போ போட்டுக் காட்டுங்கள். பாட்டு வேண்டாம். எப்படியும் ஒலியை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார்கள். ஆர்வம் பிறந்தால் முழு மேட்ச் வீடியோ கேட்பார்கள், அதையும் தயாராக வைத்திருங்கள்.

உயரம், எடை, நாற்பது யார்ட் ஓட்ட நேரம் ஆகியவற்றில் பொய் வேண்டாம். கேம்ப்பில் முதல் வேலையே டேப் வைத்து அளப்பதுதான். ஆறடி ஒன்று என்று எழுதியவன் ஐந்தடி பதினொன்று என்று தெரிந்தால் குறைவது இரண்டு அங்குலம் மட்டுமல்ல.

ஃபில்ம் எல்லாவற்றையும் காட்டாது என்பதற்கு டெக்சாஸிலேயே உதாரணம் இருக்கிறது. வெஸ்ட் கொலம்பியா என்ற சிற்றூரின் பள்ளியில் கேம் வார்ட் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். அவர்கள் அணி பந்தை எறிவதே அபூர்வம், ஓடித்தான் ஆடும். எறிவதைக் காட்ட அவரிடம் அதிக ஃபில்ம் இல்லை. சான் அன்டோனியோவில் உள்ள இன்கார்னேட் வேர்ட் என்ற எஃப்.சி.எஸ். கல்லூரியின் கேம்ப்பில் அவர் எறிவதை நேரில் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். பிறகு வாஷிங்டன் ஸ்டேட், பிறகு மயாமி. 2025இல் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர்தான்.

கேம்ப்புக்குக் கட்டணம் உண்டு. அழைப்பு மெயில் வந்தது என்பதற்காகப் போக வேண்டாம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதே மெயில்தான் போகும். ஒரு கோச் பெயர் சொல்லி போன் செய்து "வா, உன்னைப் பார்க்க வேண்டும்" என்றால் போங்கள்.

படி 4: நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவது

247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈ.எஸ்.பி.என். போன்ற தளங்கள் பையன்களின் திறமையைக் கணித்து இரண்டு முதல் ஐந்து நட்சத்திரம் வரை தருகின்றன. 247ஸ்போர்ட்ஸில் ஐந்து நட்சத்திரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 32 பேருக்குத்தான், என்.எஃப்.எல். டிராஃப்ட்டின் முதல் சுற்றுக்கு இணையாக வைத்த கணக்கு. மொத்தமாகப் பார்த்தால் இந்தக் கணிப்பு மோசமில்லை. தனி ஆளுக்கு அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற விவசாய ஊரில் வளர்ந்த ஜோஷ் ஆலனுக்குப் பள்ளி முடிக்கும்போது டிவிஷன் ஒன்றிலிருந்து ஒரு ஸ்காலர்ஷிப் ஆஃபரும் இல்லை. ரீட்லி ஜூனியர் கல்லூரியில் ஓராண்டு ஆடிவிட்டு, கல்லூரி கல்லூரியாக மெயில் அனுப்பி, கடைசியில் வயோமிங் போனார். 2018 டிராஃப்ட்டில் ஏழாவது ஆள். 2024 சீசனில் என்.எஃப்.எல்.லின் மிகச் சிறந்த வீரர் (எம்.வி.பி.).

படி 5: ஆஃபரின் எடையைப் பார்ப்பது

இதுதான் எங்களைக் கவிழ்த்த இடம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வாய்மொழி ஆஃபர் எந்த வயதிலும் வரலாம், எட்டாம் வகுப்பிலேயே வாங்கியவர்கள் உண்டு. அது கல்லூரியையும் கட்டுப்படுத்தாது, பையனையும் கட்டுப்படுத்தாது. எழுத்தில் ஆஃபர் தரக் கல்லூரிக்கு அனுமதி, பையன் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1 முதல்தான். அதற்கு முன்னால் வருவதெல்லாம் பேச்சு.

ஒவ்வொரு கோச்சிங் அறையிலும் ஒரு போர்டு இருக்கும். ஒவ்வொரு பொசிஷனுக்கும் கீழே ஆசைப்படும் பையன்களின் பெயர்கள் வரிசையாக. லைன்பேக்கர் இரண்டு பேர் தேவை என்றால் ஆஃபர் பதினைந்து பேருக்குப் போயிருக்கும். முதல் நான்கு பேர் வேறு எங்கோ போனால் ஐந்தாமவனுக்கு போன் சூடாக அடிக்கும். முதல் இரண்டு பேர் சரி என்றால் ஐந்தாமவனுக்கு மெசேஜ் குறையும். யாரும் 'ஆஃபர் ரத்து' என்று சொல்ல மாட்டார்கள். மௌனம்தான் பதில்.

எனவே ஆஃபர் வந்ததும் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "கோச், இன்றைக்கே நான் கமிட் ஆகிறேன், வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறேன் என்றால் எடுத்துக்கொள்வீர்களா?" பையனே கேட்க வேண்டும், அப்பா இல்லை. "ஆமாம், இப்போதே" என்று வந்தால் அது நிஜ ஆஃபர். "எங்களுக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும், இன்னொரு முறை கேம்ப்பில் பார்த்துவிட்டு..." என்று இழுத்தால் நீங்கள் போர்டில் இருக்கிறீர்கள், மேலே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் இந்தக் கேள்வியை முதல் மாதமே கேட்டிருந்தால் ஓராண்டு மிஞ்சியிருக்கும். அந்த ஆஃபரை நம்பி மூன்று சின்னக் கல்லூரிகளின் போனைத் தட்டிக்கழித்துவிட்டான்.

அடுத்து, யார் சொன்னார் என்று பாருங்கள். ஏரியாவைச் சுற்றிவரும் கோச் சொல்வது ஒரு எடை, அந்தப் பொசிஷன் கோச் சொல்வது கூடுதல் எடை, ஹெட் கோச் பெயர் சொல்லி அழைத்துச் சொல்வது அதற்கும் மேல். இப்போது இன்னொருவரும் சேர்ந்திருக்கிறார்: ஜெனரல் மேனேஜர். 2024 நவம்பரில் ஸ்டான்ஃபோர்ட் தன் பழைய குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக்கை அந்தப் பதவியில் அமர்த்தியது. பணமும் ஆள் கணக்கும் இப்படிப்பட்டவர் மேஜையில்தான் இருக்கும்.

மூன்றாவது, நடத்தை. பதினோராம் வகுப்பு செப்டம்பர் 1 முதல் கல்லூரிகள் நேரடியாகத் தபால், மெசேஜ் அனுப்பலாம். பளபளப்பான போஸ்டர் படங்கள் வரும். ஒரு மாணவ உதவியாளர் கம்ப்யூட்டரில் ஒரே நாளில் நூறு செய்வார். கையால் எழுதிய கடிதம், பள்ளிக்கு நேரில் வருவது, மேட்ச்சுக்கு மறுநாள் அந்த மேட்ச்சைப் பற்றியே கேட்பது, இவைதான் கணக்கு. எங்கள் ஷீட்டில் ஒரு பத்தி இதற்கென்றே இருந்தது: "கடைசியாக அவர்களாகவே பேசிய தேதி." நாம் அனுப்பியதற்கு வந்த பதில் அதில் சேராது. அந்தப் பத்தியைப் பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'டெட் பீரியட்' என்றால் கோச் நேரில் சந்திக்கவே கூடாது, போனும் மெசேஜும் மட்டும். 'குவயட்' காலத்தில் கல்லூரி வளாகத்தில் மட்டும் சந்திக்கலாம். டெட் பீரியடில் யாரும் வரவில்லை என்று அழ வேண்டாம்.

படி 6: முன்னால் யார் நிற்கிறார்கள் என்று எண்ணுவது

கல்லூரி இணையதளத்தில் அணியின் ரோஸ்டர், அதாவது ஆள் பட்டியல் இருக்கும். பையன் ஆடும் பொசிஷனில் எத்தனை பேர், எந்த ஆண்டு, யார் எப்போது முடிப்பார்கள் என்று எண்ணுங்கள். பழைய காலத்தில் இதோடு கணக்கு முடிந்துவிடும். இப்போது முடியாது.

2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021 முதல் ஒருமுறை இடம் மாறினால் ஓராண்டு உட்கார வேண்டியதில்லை. 2024 ஏப்ரலில் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றானது. கோச் பக்கமிருந்து யோசியுங்கள். பதினெட்டு வயதுப் பையனை எடுத்து மூன்றாண்டு வளர்ப்பதா, கல்லூரி மட்டத்தில் ஏற்கெனவே ஆடிக்காட்டிய இருபத்தொரு வயது ஆளை ஜனவரியில் எடுப்பதா? கொலராடோவில் ஹெட் கோச் டியான் சாண்டர்ஸ் 2023இல் முதல் சீசனுக்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட டிரான்ஸ்ஃபர்களைக் கொண்டுவந்தார். அங்கே அப்போது ரோஸ்டரைப் பார்த்து "அடுத்த ஆண்டு என் இடம் காலி" என்று எண்ணியவன் கணக்கு என்னவாகியிருக்கும்?

ஆகவே இரண்டு எண்ணிக்கை வேண்டும். இப்போது முன்னால் எத்தனை பேர் என்பது ஒன்று. கடந்த இரண்டு ஆண்டில் இந்தப் பொசிஷனில் ஆடியவர்களில் எத்தனை பேர் பள்ளியிலிருந்து வந்து அங்கேயே வளர்ந்தவர்கள், எத்தனை பேர் போர்ட்டலில் வந்தவர்கள் என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் அந்தக் கோச்சின் உண்மையான குணம். வாயால் எல்லாருமே "நாங்கள் பையன்களை வளர்க்கிறோம்" என்பார்கள்.

பொசிஷனுக்குப் பொசிஷன் நிலைமை வேறு. எதிரணியை முட்டித் தடுக்கும் முன்வரிசையான, ஒரே நேரத்தில் ஐந்து பேர் இறங்கும் அஃபென்சிவ் லைனில் இடம் கிடைப்பது எளிது, ஆனால் உடம்பு ஏற இரண்டு மூன்றாண்டு ஆகும். குவார்ட்டர்பேக் ஒருவன்தான் ஆடுவான். ஆர்ச் மானிங், புகழ்பெற்ற குவார்ட்டர்பேக்குகளின் குடும்பப் பெயரோடு 2023இல் டெக்சாஸில் சேர்ந்தும், நிரந்தர முதல் ஆளாக 2025 சீசன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்க மனம் இருக்கிறதா என்று பையனையே கேளுங்கள். இல்லை என்றால் அதில் தப்பில்லை, சின்ன இடத்தில் சீக்கிரம் ஆடட்டும்.

'ரெட்ஷர்ட்' என்ற சொல்லும் வரும். அந்த ஆண்டு ஆடாமல் பயிற்சி மட்டும் செய்து, ஆடும் தகுதியில் ஓராண்டை மிச்சம் பிடிப்பது. 2018 முதல் நான்கு மேட்ச் வரை ஆடினாலும் அந்த ஆண்டு மிச்சம்தான். முதலாண்டில் ரெட்ஷர்ட் என்று சொன்னால் அவமானம் இல்லை. முன்பே சொல்லாமல் செப்டம்பரில் சொன்னால்தான் கோபப்பட வேண்டும்.

படி 7: நேரில் போய்ப் பார்ப்பது

இரண்டு வகை விசிட். சொந்தச் செலவில் போவது 'அன்அஃபிஷியல்'. கல்லூரி செலவில் இரண்டு இரவு தங்குவது 'அஃபிஷியல்'. ஃபுட்பாலுக்கு இது பதினோராம் வகுப்பு ஏப்ரல் 1 முதல். முன்பு ஒருவனுக்கு மொத்தம் ஐந்து அஃபிஷியல் விசிட்தான். 2023 ஜூலை முதல் எத்தனை கல்லூரிக்கும் போகலாம், கல்லூரிக்கு ஒருமுறை. பெரும்பாலும் ஜூன் வார இறுதிகளில்தான் கூட்டம்.

அஃபிஷியல் விசிட் என்றால் கிட்டத்தட்ட பெண் பார்க்கும் படலம். சொஜ்ஜி பஜ்ஜிக்குப் பதில் ஸ்டேக், இறால். ஜெர்சி போட்டு விளக்கு வெளிச்சத்தில் போட்டோ. அந்த இரண்டு நாளில் எந்தக் கல்லூரியும் மோசமாகத் தெரியாது. அதனால் முடிந்தால் ஒரு சாதாரண நாளில் அன்அஃபிஷியலாகப் போய்ப் பயிற்சியைப் பாருங்கள். தப்புச் செய்தவனிடம் கோச் என்ன பேசுகிறார், வரிசையில் நான்காவதாக நிற்பவனுக்கு யாராவது சொல்லித் தருகிறார்களா என்று கவனியுங்கள். உங்கள் பையன் முதலாண்டில் நிற்கப்போவது அந்த நான்காவது இடத்தில்தான்.

விசிட்டில் பையனோடு சுற்ற ஓர் அணி வீரனை அனுப்புவார்கள். கோச் இல்லாத நேரத்தில் அவனிடம் கேட்கச் சொல்லுங்கள்: "சென்ற ஆண்டு காயம்பட்டவர்களை எப்படி நடத்தினார்கள்?" "எந்த மேஜர், அதாவது எந்தப் பாடப்பிரிவு படிக்கிறவர்கள் அதிகம்?" இரண்டாவது கேள்வி சாதாரணமாகத் தோன்றும். ஆனால் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்ற பையனுக்கு மதிய லேப்பும் பயிற்சியும் ஒரே நேரத்தில் மோதும். அணியில் ஒருவன்கூட இன்ஜினியரிங் இல்லை என்றால் காரணம் இருக்கிறது. சீசனில் வாரத்துக்கு இருபது மணி நேரப் பயிற்சி என்பது விதி. பயணம், சிகிச்சை, தானாக ஃபில்ம் பார்ப்பது எதுவும் அந்த இருபதில் வராது.

டிவிஷன் ஒன்று கல்லூரிகள், விளையாட்டில் ஏற்பட்ட காயத்துக்குப் படிப்பு முடிந்தும் இரண்டாண்டு மருத்துவச் செலவு ஏற்க வேண்டும், ஆட்டம் சரியில்லை என்றோ காயம் என்றோ ஸ்காலர்ஷிப்பைப் பறிக்கக் கூடாது என்று 2024 ஆகஸ்ட் முதல் விதி இருக்கிறது. மற்ற மட்டங்களில் இதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 8: பணத்தை எழுத்தில் பார்ப்பது

2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயர், முகம் வைத்து விளம்பரப் பணம் சம்பாதிக்கலாம், எல்லாரும் என்.ஐ.எல். என்கிறார்கள். ஹவுஸ் சமரசத்துக்குப் பிறகு கல்லூரியே நேரடியாகப் பங்கு தரலாம். 2025-26க்கு ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். பெரிய கல்லூரிகளில் அதில் சிங்கப் பங்கு ஃபுட்பாலுக்கு.

ஆக, கேட்க வேண்டியது: பணத்தைக் கல்லூரி தருகிறதா, வெளியாரா? எத்தனை மாதத்துக்கு? காயம்பட்டால்? நடுவில் போனால் திருப்பித் தர வேண்டுமா? ஏஜென்ட் எத்தனை சதவீதம் எடுக்கிறார்? வெளியார் தரும் 600 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை என்.ஐ.எல். கோ என்ற தளத்தில் பதிய வேண்டும். வரி பிடிக்காமல் வரும் பணம் என்பதால் ஏப்ரலில் வருமான வரி வாசலில் நிற்கும்.

வாய்ப்பேச்சு எங்கே கொண்டுபோகும் என்பதற்கு இரண்டு சம்பவம். குவார்ட்டர்பேக் ஜேடன் ரஷாடா 2022 டிசம்பரில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் கையெழுத்திட்டார். பேசப்பட்ட தொகை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல். பணம் வரவில்லை; அடுத்த மாதமே விடுவிப்புக் கேட்டு அரிசோனா ஸ்டேட் போனார்; 2024 மே மாதம் ஃப்ளோரிடாவின் ஹெட் கோச் உள்ளிட்டோர்மீது வழக்குத் தொடுத்தார். 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸில் உள்ள யு.என்.எல்.வி. பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா, அணி மூன்றுக்கு மூன்று ஜெயித்த நிலையில் வெளியேறினார். ஒரு லட்சம் டாலர் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது என்றது அவர் தரப்பு; அப்படி எதுவும் இல்லை என்றது பல்கலைக்கழகம். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. காகிதத்தில் இருந்திருந்தால் சண்டையே வந்திருக்காது.

விசாவில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. எச்-4, எஃப்-1 விசாவில் இருக்கும் பையன் கல்லூரி ஸ்காலர்ஷிப் வாங்குவதில் சிக்கல் இல்லை. என்.ஐ.எல். பணம் வேறு, அது வேலை செய்து சம்பாதித்ததாகப் பார்க்கப்பட்டால் விசாவுக்கே ஆபத்து. குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு ஷூ விளம்பரத்துக்குக்கூடத் தலையாட்ட வேண்டாம்.

படி 9: கோச் போய்விட்டால்?

2021 நவம்பர் கடைசியில் ஹெட் கோச் லிங்கன் ரைலி ஓக்லஹோமாவை விட்டு யு.எஸ்.சி. போனார், மறுநாளே பிரையன் கெல்லி நோட்ர டாமை விட்டு எல்.எஸ்.யு. போகும் செய்தி. பையன்கள் கல்லூரியோடு ஒப்பந்தம் போடும் கையெழுத்து நாளுக்கு மூன்று வாரம்கூட இல்லை. 2024 ஜனவரியில் அலபாமா ஹெட் கோச் நிக் சேபன் ஓய்வு அறிவித்தபோது குவார்ட்டர்பேக் ஜூலியன் சயின் அங்கே அப்போதுதான் சேர்ந்திருந்தார். சில நாளில் ஓஹையோ ஸ்டேட் போய்விட்டார்.

எனவே பட்டியலில் மிஞ்சிய இரண்டு மூன்று கல்லூரிக்கும், ஹெட் கோச் பெயரை அடித்துவிட்டு மறுபடி பாருங்கள். ஊர், படிப்பு, வீட்டிலிருந்து தூரம், கூட இருக்கும் பையன்கள் மட்டும் மிஞ்சினால் அங்கே இருப்பானா? எங்கள் ஷீட்டில் இதைச் செய்தபோது முதலிடத்தில் இருந்த கல்லூரி மூன்றாவதாகப் போனது.

கோச்சைப் பின்தொடர்வதே தவறு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கேம் வார்ட் வாஷிங்டன் ஸ்டேட் போனதே, இன்கார்னேட் வேர்டில் அவரை நம்பி எடுத்த எரிக் மோரிஸ் அங்கே போனதால்தான். டிராவிஸ் ஹன்டர் 2022 ஆண்டு மாணவர்களில் நாட்டின் முதல் இடத்தில் வைக்கப்பட்டவர். ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்து, கையெழுத்து நாளன்று டியான் சாண்டர்ஸை நம்பி ஜாக்சன் ஸ்டேட் என்ற எஃப்.சி.எஸ். கல்லூரிக்கு மாறினார். ஊரே திகைத்தது. பிறகு அவரோடே கொலராடோ போய், பந்தைப் பிடிப்பது, தடுப்பது இரண்டையும் ஆடி, கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான 2024 ஹைஸ்மன் விருதை வாங்கினார். ஒரு கோச்சின் பின்னால் போகிறோம் என்று தெரிந்தே போனால் சரி. கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டு கோச்சைத் தேர்ந்தெடுப்பதுதான் வம்பு.

படி 10: கையெழுத்து

'இந்தக் கல்லூரிக்கே வருகிறேன்' என்று எழுதிக்கொடுக்க 1964 முதல் இருந்த 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற காகிதத்தை 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். இப்போது ஸ்காலர்ஷிப் ஒப்பந்தத்திலேயே கையெழுத்து. போட்ட பிறகு மற்றக் கல்லூரிகள் பையனைத் தொடர்புகொள்ளக் கூடாது. முதல் வாய்ப்பு டிசம்பர் தொடக்கத்தில். பெரும்பாலானோர் அப்போதே முடித்துவிடுவார்கள். இரண்டாவது பிப்ரவரி முதல் புதன்கிழமை. ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு, எத்தனை சதவீதம், கோடை வகுப்புக்கும் செலவு உண்டா என்று படியுங்கள். வாக்-ஆனாகச் சேர்கிறவன், 105 பேரில் தன் பெயர் உண்டா என்பதை மெயிலில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

டிசம்பரில் கிடைக்கவில்லை என்றால் கதை முடியவில்லை. ஜனவரி போர்ட்டல் அலையில் அணிகள் கலைந்து சேரும்போது, எஃப்.சி.எஸ்., டிவிஷன் இரண்டு கல்லூரிகளில் திடீரென இடம் திறக்கும். பக்கத்து வீட்டுப் பையன் பிப்ரவரியில்தான் கையெழுத்திட்டான். முன்பு அவன் தட்டிக்கழித்த மூன்று சின்னக் கல்லூரிகளில் ஒன்று அது. அங்கே லைன்பேக்கர் ஒருவன் போர்ட்டலில் போயிருந்தான்.

கையெழுத்துக்கு முந்தைய இரவு ஒரு வேலை பாக்கி இருந்தது: வேண்டாம் என்று முடிவான கல்லூரிகளுக்குச் சொல்வது. மெசேஜ் அனுப்பாமல் அவனே போன் செய்ய வேண்டும் என்று அவன் அம்மா நின்றார். நான்கு கோச்சுக்கும் செய்தான். இரண்டு பேர் எடுக்கவில்லை, ஒருவர் ஒற்றை வார்த்தையில் வைத்துவிட்டார். நான்காமவர் பத்து நிமிடம் பேசிவிட்டு, "இந்த எண்ணை அழித்துவிடாதே" என்றார். ஷீட்டில் அவர் பெயருக்கு எதிரே கடைசியாகப் பேசிய தேதியைப் போட்டுவிட்டு லேப்டாப்பை மூடினேன். இந்த முறை கேக் அவர்கள் வெட்டவில்லை. என் மனைவி கேசரி கிளறிக் கொடுத்தனுப்பினாள்.